பரிந்துரைக் கடிதத்தை யாரிடம் கேட்பது, முன்னாள் மாணவர்களிடம் எதைக் கேட்பது?

நீங்கள் எழுதியிருப்பதை நான் இப்படிப் புரிந்துகொள்கிறேன். ஒரே நிறுவனத்தில் ஐந்தாண்டுகள் வேலை பார்த்திருக்கிறீர்கள். இந்த ஆண்டு எம்.பி.ஏ. படிப்புக்கு விண்ணப்பிக்க இருக்கிறீர்கள். உங்கள் நிறுவனத்தின் இயக்குநர் ஒருவர் நீங்கள் சேர விரும்பும் வணிகப் பள்ளியிலேயே படித்தவர், ஆனால் அவருடன் நேரில் பேசியது மூன்று நான்கு முறைதான். உங்கள் வேலையை முழுவதும் அறிந்தவர் நேரடி மேலாளர், ஆனால் அவரிடம் சொன்னால் வரவிருக்கும் பதவி உயர்வு கைநழுவிவிடுமோ என்று அஞ்சுகிறீர்கள். ஆகவே இயக்குநரிடம் கடிதம் வாங்கலாமா என்றும், லிங்க்ட்இன்னில் முன்னாள் மாணவர்களைத் தேடிப் பேசினால் இடம் கிடைக்கும் வாய்ப்புக் கூடுமா என்றும் கேட்கிறீர்கள். இரண்டு கேள்விகளுக்கும் அடியில் இருப்பது ஒன்றுதான்: அந்தப் பள்ளியில் பெயர் எடுபடும் ஒருவர் எனக்காக ஒரு வார்த்தை சொன்னால் கதவு திறக்குமா? அதற்குத்தான் விடை எழுத முயல்கிறேன்.

எங்கிருந்து பேசுகிறேன் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஏறத்தாழ பதினைந்து ஆண்டுகள் தரவுப் பகுப்பாய்வுக் குழுக்களை நடத்தியிருக்கிறேன். அந்தக் காலத்தில் என்னிடம் வேலை பார்த்த இருபதுக்கும் மேற்பட்டவர்களுக்குக் கடிதம் எழுதியிருக்கிறேன். நான் படித்த பள்ளிக்காக, முன்னாள் மாணவன் என்ற முறையில், விண்ணப்பதாரர்களைப் பல ஆண்டுகள் நேர்காணல் செய்தும் இருக்கிறேன். ஆனால் சேர்க்கைக் குழு கூடி முடிவெடுக்கும் அறையில் நான் ஒருநாளும் அமர்ந்ததில்லை. அதனால் படிவம் எதைக் கேட்கிறது, கடிதம் எழுதுபவர் எங்கே தடுமாறுகிறார், முன்னாள் மாணவருக்கு எதில் அதிகாரம் உண்டு, எதில் இல்லை என்பவற்றை உறுதியாகச் சொல்வேன். ஒரு கடிதம் முடிவில் எவ்வளவு எடை பெறுகிறது என்பதை வெளியிலிருந்து ஊகிக்கத்தான் முடியும். ஊகிக்கும் இடங்களில் ஊகம் என்றே குறிப்பிடுகிறேன்.

நம் மொழியில் ‘சிபாரிசு’ என்ற சொல்லோடு செல்வாக்கும் சேர்ந்தே வரும். பெரிய மனிதர் ஒருவர் நமக்காகச் சொல்லிவைப்பதுதான் சிபாரிசு. ‘பரிந்துரை’ என்ற சொல்லும் ஒருவருக்காகப் பரிந்து பேசுவதையே குறிக்கிறது. வணிகப் பள்ளிகள் இந்தக் கடிதத்தின் வழியாகக் கேட்பதோ ‘சாட்சி’ என்ற சொல்லுக்கு நெருக்கமான ஒன்று. பக்கத்தில் இருந்து பார்த்தவர், பார்த்ததைச் சொல்ல வேண்டும். சொல்பவர் எவ்வளவு உயர்ந்தவர் என்பதைவிட எவ்வளவு அருகில் நின்று பார்த்தார் என்பதே முக்கியம். இந்த வேறுபாடு மனத்தில் பதிந்துவிட்டால் யாரிடம் கேட்பது என்ற குழப்பத்தில் பாதி தீர்ந்துவிடும்.

படிவத்தின் அமைப்பே இதைக் காட்டும். வணிகப் பள்ளிச் சேர்க்கைக்கான ஜிமேட் தேர்வை நடத்தும் ஜிமேக் அமைப்பு உருவாக்கிய பொதுப் பரிந்துரைப் படிவத்தைப் பல பள்ளிகள் பயன்படுத்துகின்றன. அதில் முதற்கேள்வி, விண்ணப்பதாரருடன் உங்களுக்கு என்ன தொடர்பு, நிறுவனத்தில் அவருடைய பங்கு என்ன என்பது. அதற்கு 50 சொற்கள் போதும். அடுத்தது, இதே போன்ற பொறுப்பில் உள்ள திறமையான மற்றவர்களோடு ஒப்பிட்டால் இவர் எப்படிச் செயல்படுகிறார், எடுத்துக்காட்டுகளோடு சொல்லுங்கள் என்பது. மூன்றாவது, நீங்கள் இவருக்குச் சொன்ன மிக முக்கியமான திருத்தக் கருத்து எது, எந்தச் சூழலில் சொன்னீர்கள், இவர் அதை எப்படி எடுத்துக்கொண்டார் என்பது. இவ்விரண்டில் ஒவ்வொன்றுக்கும் ஏறத்தாழ 500 சொற்கள் வரை இடம் உண்டு. இவற்றோடு, பல்வேறு திறன்களில் விண்ணப்பதாரரை மதிப்பிடும் கட்டங்களும் இருக்கும். ஹார்வர்டு போன்ற பள்ளிகளின் சொந்தப் படிவங்களிலும் ஒப்பீடு, திருத்தக் கருத்து என்ற இரண்டு கேள்விகள் ஏறக்குறைய இதே வடிவில் வருகின்றன. இப்போது உங்கள் இயக்குநரை அந்தப் படிவத்தின் முன் உட்காரவைத்துப் பாருங்கள். முதற்கேள்வியை அவர் ஒரு வரியில் முடித்துவிடுவார். இரண்டாவதற்கு உங்கள் மேலாளரிடம்தான் விசாரிக்க வேண்டியிருக்கும். மூன்றாவதற்கு அவரிடம் விடையே இருக்காது, ஏனென்றால் அவர் உங்களைத் திருத்தியதே இல்லை.

என் அனுபவத்தில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். குழுத் தலைவனாக நான் பொறுப்பேற்ற தொடக்க ஆண்டுகளில், வேறு பிரிவைச் சேர்ந்த இளைஞர் ஒருவருக்குக் கடிதம் எழுதித் தரும்படி உடன் பணியாற்றியவர் கேட்டுக்கொண்டார். நான் அந்தப் பள்ளியின் முன்னாள் மாணவன் என்பதுதான் காரணம். மறுக்கக் கூச்சப்பட்டு ஒப்புக்கொண்டேன். எழுத உட்கார்ந்தபோது ‘கடுமையாக உழைப்பவர்’, ‘நல்ல தலைமைப் பண்பு உள்ளவர்’, ‘எல்லோரோடும் இணக்கமாகப் பழகுபவர்’ என்பவற்றைத் தாண்டி என்னிடம் ஒன்றும் இல்லை. மூன்றும் பொய்யில்லை, ஆனால் மூன்றும் யாருக்கும் பொருந்தும். அந்தக் கடிதம் அவருடைய விண்ணப்பத்தில் ஒரு கடிதத்துக்கான இடத்தை வீணாக்கியது என்றே இன்றும் நினைக்கிறேன். அதே இடத்தில் அவருடைய மேலாளர் எழுதியிருந்தால் உண்மையான ஓர் ஆளைப் பள்ளி பார்த்திருக்கும்.

சில ஆண்டுகளுக்குப் பிறகு என் குழுவிலேயே இருந்த ஒரு பெண்ணுக்கு எழுதினேன். வாடிக்கையாளர் ஒருவருக்காக நாங்கள் தயாரித்த விற்பனைக் கணிப்பில், கடைகள் திருப்பி அனுப்பிய சரக்கையும் விற்ற சரக்காகவே கணக்கிட்டிருந்தோம் என்பதை, அறிக்கை கொடுப்பதற்கு இரண்டு நாள் முன்பு அவர் கண்டுபிடித்தார். அந்தப் பகுதியை எழுதியவர் அவரைவிட மூத்தவர். அதைக் கூட்டத்தில் எல்லோர் முன்பும் எடுத்துவைக்காமல், முதலில் அந்த மூத்தவரிடம் தனியாகக் காட்டி, இருவரும் சேர்ந்து திருத்திய பிறகே என்னிடம் கொண்டுவந்தார். அதே ஆண்டு நான் அவரிடம் சொல்லியிருந்த குறை, முடிவு தெளிவாகத் தெரிந்த பிறகும் மேலும் மேலும் சரிபார்த்துக் காலம் கடத்துகிறார் என்பது. அதையும் எழுதினேன். அவர் தனக்குத்தானே கெடு வைத்துக்கொண்டு வேலை செய்யத் தொடங்கியதையும், இரண்டு முறை அந்தக் கெடுவில் தவறியதையும் எழுதினேன். எழுதி முடிக்க ஒரு மாலைப் பொழுதுதான் ஆனது. அருகில் இருந்து பார்த்தவனுக்கு எழுதுவதற்குச் செய்தி தானாகவே கிடைத்துவிடுகிறது.

இனி நேரடி மேலாளர் பற்றி. பள்ளிகள் அவரை விரும்புகின்றன என்பது ஐயத்துக்கு இடமில்லாதது. ஸ்டான்ஃபோர்டு தான் கேட்கும் இரண்டு கடிதங்களில் ஒன்று இப்போதைய நேரடி மேலாளருடையதாக இருக்க வேண்டும், அது முடியாவிட்டால் அதற்கு அடுத்த நிலையில் பொருத்தமானவருடையதாக இருக்கலாம் என்று சொல்கிறது. எம்.ஐ.டி. ஸ்லோன் ஒரே ஒரு கடிதம்தான் கேட்கிறது. ஆனால் அதோடு நிறுவனத்தின் அமைப்பு வரைபடத்தையும் இணைத்து, அதில் உங்கள் இடத்தையும் கடிதம் எழுதுபவரின் இடத்தையும் குறித்துக் காட்டச் சொல்கிறது. உங்களுக்கும் பரிந்துரையாளருக்கும் இடையே எத்தனை படிகள் இருக்கின்றன என்பதை அந்த வரைபடம் ஒரே பார்வையில் சொல்லிவிடும். இந்த விதிமுறைகள் ஆண்டுதோறும் சிறிது மாறுவதால், விண்ணப்பிக்கும் ஆண்டில் பள்ளியின் தளத்தில் உள்ளதையே இறுதியாகக் கொள்ளுங்கள்.

ஆனால் மேலாளரிடம் சொல்ல முடியாத நிலையும் உண்மையானதுதான். அதைப் பள்ளிகள் நன்றாகவே அறியும். சொன்னதால் பதவி உயர்வை இழந்தவர்களையும் பார்த்திருக்கிறேன். பயந்து பயந்து சொன்ன பிறகு மேலாளர் முழு மனத்தோடு உதவியதையும் பார்த்திருக்கிறேன். உங்கள் மேலாளர் எந்த வகை என்பதை நீங்கள்தான் கணிக்க வேண்டும். இதற்கு முன் குழுவை விட்டுப் போனவர்களை அவர் எப்படி வழியனுப்பினார் என்பதை நினைத்துப் பாருங்கள். அதைவிட நல்ல அறிகுறி எனக்குத் தெரியவில்லை. சொல்வது ஆபத்து என்று முடிவெடுத்தால், அவருக்கு முன்பு உங்கள் மேலாளராக இருந்தவர், அண்மையில் வேறு நிறுவனத்துக்குப் போய்விட்ட மேலாளர், ஒரு திட்டத்தில் உங்களை வழிநடத்திய வேறு பிரிவுத் தலைவர், உங்களோடு நீண்ட காலம் நேரடியாக வேலை பார்த்த வாடிக்கையாளர் ஆகியோர் பொருத்தமானவர்கள். அந்த நிறுவனத்தை விட்டுப் போன மேலாளர் பல நேரம் எல்லோரையும்விட நல்ல தேர்வு: வேலையை அறிந்தவர், இப்போது இழக்கவோ காக்கவோ எதுவும் இல்லாதவர். விண்ணப்பத்தில் கூடுதல் விவரத்துக்கென்று உள்ள பகுதியில் இரண்டு மூன்று வாக்கியங்களில், இப்போதைய மேலாளரிடம் ஏன் கேட்கவில்லை, இவரைத் தேர்ந்தெடுத்தது ஏன் என்று நேராகச் சொல்லிவிடுங்கள். விளக்கம் இல்லாத வெற்றிடந்தான் படிப்பவரைச் சந்தேகப்பட வைக்கும்.

சொந்தத் தொழில் நடத்துகிறவர்களுக்கு மேலாளர் என்று ஒருவர் இருக்கமாட்டார். அவர்கள் முதலீட்டாளர், பெரிய வாடிக்கையாளர், ஆலோசனைக் குழுவில் இருப்பவர் ஆகியோரிடம் கேட்கலாம். உறவினரிடமோ தாம் சம்பளம் கொடுக்கும் ஒருவரிடமோ கேட்கக்கூடாது. கல்லூரிப் பேராசிரியர் கடிதம், சில ஆண்டுகள் வேலை பார்த்தவர்களுக்குப் பெரும்பாலும் பயன்படாது. படித்துக்கொண்டிருக்கும்போதே விண்ணப்பிக்கும் ஹார்வர்டின் 2+2 போன்ற திட்டங்களில் நிலைமை வேறு. அங்கே பேராசிரியரும் பயிற்சிக்கால மேலாளரும் இயல்பான தேர்வுகள்.

இரண்டு கடிதம் கேட்கும் பள்ளியில், இரண்டும் ஒரே செய்தியைச் சொல்லாதபடி பார்த்துக்கொள்ளுங்கள். ஒருவர் உங்கள் கணக்கையும் கூர்மையையும் அறிந்தவராக இருந்தால், இன்னொருவர் நீங்கள் அதிகாரம் இல்லாத இடத்தில் மற்றவர்களை எப்படி இணங்கவைக்கிறீர்கள் என்பதைப் பார்த்தவராக இருக்கட்டும். ஒரே மேலாளரின் கீழ் ஐந்தாண்டுகளும் இருந்தவர்களுக்கு இது கடினம். அவர்களுக்கு வாடிக்கையாளரோ, வேலைக்கு வெளியே பொறுப்பெடுத்து நடத்திய ஒரு சமூகப் பணியின் தலைவரோ கைகொடுப்பார்கள்.

கேட்கும் முறை முக்கியம். ‘எனக்கு ஒரு கடிதம் எழுதித் தருவீர்களா?’ என்று கேட்டால் பெரும்பாலோர் மறுக்கமாட்டார்கள். என்னைப் போலவே கூச்சத்தால் ஒப்புக்கொள்வார்கள். ‘எடுத்துக்காட்டுகளோடு, மனமாரப் பாராட்டி எழுதும் அளவுக்கு என் வேலை உங்களுக்குத் தெரியும் என்று நினைக்கிறீர்களா? நேரம் இல்லையென்றாலும் வேறொருவர் பொருத்தம் என்று தோன்றினாலும் தயங்காமல் சொல்லுங்கள், நான் புரிந்துகொள்வேன்’ என்று கேளுங்கள். மறுப்பதற்கு மரியாதையான வழி ஒன்றைத் திறந்து வைப்பது உங்களுக்கே நல்லது. அவர் சிறிது தயங்கினாலும் அந்தத் தயக்கத்தை நம்புங்கள். கெடுவுக்கு ஆறு முதல் எட்டு வாரங்களுக்கு முன்பே கேட்டுவிட வேண்டும். பெரும்பாலான பெரிய பள்ளிகளின் முதற்சுற்று செப்டம்பரிலும், இரண்டாம் சுற்று ஜனவரித் தொடக்கத்திலும் முடிகின்றன. இரண்டாம் சுற்றுக்குக் கேட்பவர்கள் ஆண்டு இறுதி விடுமுறையையும், மேலாளர்கள் ஊழியர் மதிப்பீடுகளில் மூழ்கியிருக்கும் வாரங்களையும் கணக்கில் கொள்ள வேண்டும்.

ஒப்புக்கொண்டவரிடம் ஒன்றிரண்டு பக்கக் குறிப்பு ஒன்றைக் கொடுங்கள்: சேர்ந்து செய்த வேலைகள், தேதிகள், முடிவாகக் கிடைத்த எண்கள், அவர் உங்களைத் திருத்திய தருணங்கள், ஏன் எம்.பி.ஏ., ஏன் இந்தப் பள்ளி என்பவை. நினைவூட்டுவது தவறில்லை, எந்த மேலாளருக்கும் மூன்று ஆண்டுகளுக்கு முந்தைய செய்தி கோவையாக நினைவில் இருப்பதில்லை. ஆனால் வாக்கியங்களை நீங்கள் எழுதித் தரக்கூடாது. ‘நீயே எழுதிக் கொண்டு வா, பார்த்துவிட்டு அனுப்பிவிடுகிறேன்’ என்று பல மேலாளர்கள் சொல்வார்கள். அன்பினால் சொல்பவர்களும் உண்டு. பரிந்துரையாளரே கேட்டாலும் உங்கள் கடிதத்தை நீங்கள் எழுதுவது முறையன்று என்று ஸ்டான்ஃபோர்டு வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறது. நேர்மையைப் பொறுத்தவரை எல்லாப் பள்ளிக்கும் இது பொருந்தும் என்றே நான் கருதுகிறேன். பல பள்ளிகள் இடம் கொடுத்த பிறகு விண்ணப்பத் தகவல்களை வெளி நிறுவனத்தின் வழியாகச் சரிபார்க்கின்றன. அப்போது பரிந்துரையாளரையும் தொடர்புகொள்ள முடியும். அதை விட்டுவிட்டாலும், இரண்டு கடிதங்களும் கட்டுரைகளும் ஒரே ஆளின் நடையில் இருந்தால் நிறையப் படித்துப் பழகியவர்களின் கண்ணில் அது படும். நீங்களே எழுதிக்கொண்டால் உங்கள் மேலாளருக்கு மட்டும் தெரிந்த ஒன்று அந்தக் கடிதத்தில் இடம்பெற வழியே இல்லாமல் போகும்; இழப்புகளில் பெரியது அதுதான்.

இப்படிச் சொல்லும் மேலாளரிடம் வேறொரு வழியை முன்வையுங்கள். அரை மணி நேரம் ஒதுக்கித் தரச் சொல்லி, படிவத்தின் கேள்விகளை ஒவ்வொன்றாக அவரிடம் படித்து, அவர் நினைவுகூர்வதை அவரே தம் சொற்களில் குறித்துக்கொள்ளும்படி கேளுங்கள். அந்த அரை மணிக்குப் பிறகு பலருக்கு எழுதுவது சுமையாகத் தோன்றுவதில்லை. ஆங்கிலம் அவருக்கு அவ்வளவு சரளமாக வராது என்ற கவலையும் சிலருக்கு உண்டு. நடையழகுக்காக யாரும் பரிந்துரைக் கடிதத்தைப் படிப்பதில்லை. பிழைகளோடு இருந்தாலும் நடந்ததை நடந்தபடி சொல்லும் கடிதமே வலிமையானது. பல பள்ளிகளுக்கு விண்ணப்பிப்பவர்கள், பொதுப் படிவத்தை ஏற்கும் பள்ளிகளைத் தெரிந்துவைத்துக்கொண்டு பரிந்துரையாளரின் உழைப்பைக் குறைக்கலாம். ஒரே ஆளிடம் ஏழெட்டுப் பள்ளிகளுக்குக் கேட்பது நியாயமும் இல்லை; கடைசியாக எழுதும் கடிதங்களில் களைப்புத் தெரியும்.

திருத்தக் கருத்துக் கேள்வியைக் கண்டு விண்ணப்பதாரர்கள் அஞ்சுவதுபோல எழுதுபவர்களும் அஞ்சுகிறார்கள். ‘அளவுக்கு மீறி உழைக்கிறார்’ என்பது போன்ற குறையற்ற குறைகளை எழுதிவிடுகிறார்கள். உங்கள் பரிந்துரையாளரிடம் நீங்களே சொல்லுங்கள்: உண்மையான குறையை எழுதுங்கள், அதற்குப் பிறகு நான் என்ன செய்தேன் என்பதையும் எழுதுங்கள். கட்டங்களில் எல்லாவற்றிலும் உச்ச மதிப்பெண் போட்டிருந்தால் அது உதவுமா கெடுக்குமா என்பதில் எனக்குத் தீர்ந்த முடிவு இல்லை. ஆனால் கட்டமும் கடிதமும் ஒன்றுக்கொன்று முரண்பட்டால் படிப்பவர் கடிதத்தின் மீதே நம்பிக்கை இழப்பார் என்பது என் ஊகம். ஆகவே நான் எழுதும்போது, ஏதாவது ஒன்றிரண்டில் உச்சத்துக்கு ஒரு படி கீழேயே குறிப்பேன்.

கடிதத்தைப் பிறகு படித்துப் பார்க்கும் உரிமையைக் கைவிடுகிறீர்களா என்று அமெரிக்கப் பள்ளிகளின் படிவம் கேட்கும். 1974-ஆம் ஆண்டின் கல்வி ஆவணத் தனியுரிமைச் சட்டம் சேர்ந்து படிக்கும் மாணவர்களுக்குத் தரும் உரிமை அது. கைவிட வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. ஆனால் கைவிட்டால் எழுதுபவர் ஒளிவுமறைவின்றி எழுதுவார். அவரை நம்பித்தானே கேட்டீர்கள்? பெரும்பாலோருக்குக் கைவிடும்படியே சொல்வேன்.

இனி முன்னாள் மாணவர்கள். முதலில் உறுதியானதைச் சொல்கிறேன். முன்னாள் மாணவர் ஒருவர் சேர்க்கைக் குழுவின் உறுப்பினர் அல்லர். நேர்காணல் செய்யும் முன்னாள் மாணவருக்குக்கூட, தாம் கண்டதை அறிக்கையாக எழுதி அனுப்பும் பொறுப்புத்தான் உண்டு. முடிவு அவர் கையில் இல்லை. அந்த நேர்காணலும் பள்ளிக்குப் பள்ளி வேறுபடும். இன்சியாட் வணிகப் பள்ளியில் நேர்காணல் செய்பவர்கள் முன்னாள் மாணவர்கள். ஸ்டான்ஃபோர்டிலும் பெரும்பாலும் அவர்களே. ஹார்வர்டில் சேர்க்கைப் பிரிவைச் சேர்ந்தவரே, விண்ணப்பம் முழுவதையும் படித்துவிட்டு வந்து பேசுகிறார். வார்ட்டனில் விண்ணப்பதாரர்கள் சிறு குழுவாக விவாதிக்க வேண்டும். ஆகவே நீங்கள் முன்கூட்டித் தேடிப் பேசும் முன்னாள் மாணவரும் உங்களை நேர்காணல் செய்யும் முன்னாள் மாணவரும் வெவ்வேறு ஆட்கள் என்றே வைத்துக்கொள்ளுங்கள். தற்செயலாக ஒருவரே இரண்டுமாக அமைந்துவிட்டால், முன்பே பழக்கம் உண்டு என்பதைத் தொடக்கத்திலேயே சொல்லிவிடுவது இருவருக்கும் நல்லது. எனக்கு அப்படி ஒருமுறை நேர்ந்தது. பள்ளிக்குத் தெரிவித்தேன், வேறொருவரை நியமித்தார்கள்.

அப்படியானால் அவர்களோடு பேசுவதால் என்ன பயன்? பயன் பெரியது, ஆனால் அது நீங்கள் எதிர்பார்க்கும் இடத்தில் இல்லை. கதவைத் திறக்க அவர்களால் முடியாது, உள்ளே என்ன இருக்கிறது என்பதை அவர்கள் சொல்ல முடியும். பள்ளியின் கையேடு எல்லோருக்கும் ஒன்றையே சொல்கிறது. இன்சியாடின் படிப்பு பத்து மாதங்கள்தான் என்பது அந்தக் கையேட்டிலேயே இருக்கும். துறை மாற விரும்பிய ஒருவர் அந்தப் பத்து மாதங்களில் வேலை தேடலையும் பாடங்களையும் எப்படிச் சமாளித்தார் என்பது, அதைச் செய்தவருக்குத்தான் தெரியும். ஹார்வர்டில் ஒரு வகுப்பு ஆண்டில் 900-க்கும் மேற்பட்டவர்கள் சேர்கிறார்கள்; டார்ட்மத்தின் டக் பள்ளியில் சுமார் 300 பேர். அந்த எண்கள் வாழ்க்கையில் எப்படி உணரப்படுகின்றன, பட்டம் பெற்று ஐந்தாண்டு கழித்து முன்பின் தெரியாத சக மாணவருக்கு அஞ்சல் எழுதினால் பதில் வருகிறதா என்பவற்றைப் படித்து முடித்தவரிடம்தான் கேட்க முடியும்.

யாரைத் தேடுவது? பெரும் பதவியில் இருப்பவரைவிட, கடந்த மூன்று நான்கு ஆண்டுகளுக்குள் படித்து முடித்தவரே உங்களுக்குப் பயன்படுவார். இருபது ஆண்டுகளுக்கு முன் படித்தவர் சொல்லும் பள்ளி இன்று அதே பள்ளியாக இருக்காது. உங்களைப் போன்ற வேலையிலிருந்து போய், நீங்கள் போக நினைக்கும் துறைக்கு மாறியவர் கிடைத்தால் அவரை முதலில் அணுகுங்கள். பல பள்ளிகள் இப்போது படிக்கும் மாணவர்களோடு பேச வழி செய்து தருகின்றன. மாணவர் கழகங்களின் பொறுப்பாளர்கள் பதில் எழுதுவார்கள். லிங்க்ட்இன்னில் பள்ளியின் பெயரையும் உங்கள் பழைய கல்லூரியின் பெயரையும் சேர்த்துத் தேடினால் இரண்டுக்கும் பொதுவானவர்கள் தென்படுவார்கள். அவர்கள் பதில் தரும் வாய்ப்பு அதிகம். ஒரு பள்ளிக்கு நான்கைந்து பேர் போதும்.

எனக்கு வந்த அஞ்சல்களில் நான் பதில் எழுதாமல் விட்டவை எவை என்று யோசித்துப் பார்த்தேன். ‘என் விவரத்துக்கு இடம் கிடைக்குமா?’ என்று கேட்டவை, ‘உங்கள் கட்டுரைகளை அனுப்ப முடியுமா?’ என்று கேட்டவை, முதல் அஞ்சலிலேயே பரிந்துரை கேட்டவை. பதில் எழுதியவை எல்லாம் ஐந்தாறு வரிக்குள் அடங்கியவை: தாம் யார், என்னை ஏன் தேர்ந்தெடுத்தார், கேட்க நினைக்கும் ஒன்றிரண்டு கேள்விகள் என்ன, இருபது நிமிடம் பேச முடியுமா என்பவை. ஒருவர் கேட்ட கேள்வி இன்னும் நினைவில் இருக்கிறது: ‘உங்கள் வகுப்பில் யார் அந்தப் பள்ளியில் மகிழ்ச்சியாக இல்லை, ஏன்?’ நான் நீண்ட நேரம் யோசித்துத்தான் விடை சொன்னேன். விடையைக் கேட்ட பிறகு அந்தப் பள்ளி தமக்குப் பொருந்தாது என்று அவர் முடிவெடுத்தார். அந்த உரையாடலின் பயன் அதுவே என்று நினைக்கிறேன். பேசி முடித்த மறுநாள், கேட்டதில் எது உதவியது என்பதை ஒரு வரியில் குறிப்பிட்டு நன்றி எழுதுங்கள். முடிவு வந்த பிறகு, எதுவாக இருந்தாலும் தெரிவியுங்கள்.

ஐயத்துக்கு உரியவற்றையும் சொல்ல வேண்டும். கட்டுரையில் முன்னாள் மாணவர் பெயரைக் குறிப்பிட்டால் நன்மை உண்டா? பெயர் மட்டும் எதையும் செய்யாது என்பது என் கருத்து; அவரிடம் கேட்டது உங்கள் திட்டத்தை எப்படி மாற்றியது என்று சொல்ல முடிந்தால் அது எடுபடும். முன்னாள் மாணவர் தனியே ஆதரவுக் கடிதம் அனுப்பினால்? அதற்கென்று வழி வைத்திருக்கும் பள்ளிகள் உண்டு. கேட்காத கடிதங்களை அனுப்ப வேண்டாம் என்று சொல்லும் பள்ளிகளும் உண்டு. வழி இருந்து, எழுதுபவர் உங்களை உண்மையில் அறிந்தவராகவும் இருந்தால் அனுப்பச் சொல்லலாம். வேண்டாம் என்று சொல்லியிருக்கும் பள்ளிக்கு, எழுதுபவர் எவ்வளவு பெரியவராக இருந்தாலும் அனுப்பாதீர்கள். விதிமுறையைப் படிக்கவில்லை என்பதைத்தான் அது காட்டும்.

இப்போது உங்கள் நிலைக்கு வருகிறேன். இயக்குநரிடம் பரிந்துரைக் கடிதம் கேட்காதீர்கள். அரை மணி நேரம் கேளுங்கள். மேலாளருக்குச் செய்தி போய்விடக்கூடாது என்றால், அதை வெளிப்படையாகச் சொல்லி, அவர் காப்பாற்றுவார் என்ற உறுதி இருந்தால் மட்டும் கேளுங்கள். அந்த உறுதி இல்லையென்றால் வேறு முன்னாள் மாணவர்களிடமே போங்கள், இழப்பு பெரிதில்லை. அந்த அரை மணி கிடைத்தால், தம் வகுப்பில் நன்றாகப் பயன்பெற்றவர்கள் எப்படிப்பட்டவர்கள், இன்று மீண்டும் விண்ணப்பித்தால் எதை வேறுவிதமாகச் செய்வார் என்று கேளுங்கள். பள்ளிக்குத் தனி ஆதரவுக் கடிதம் அனுப்பும் வழி இருக்குமானால் அதை அவரே முன்வந்து சொல்லட்டும். ஐந்தாண்டில் உங்கள் மேலாளர் ஒருமுறையாவது மாறியிருப்பார் என்று எண்ணுகிறேன். அந்த முந்தைய மேலாளர் இப்போது எங்கே இருக்கிறார் என்பதை இந்த வாரமே விசாரியுங்கள். இரண்டாவது கடிதத்துக்கு, வேறு பிரிவில் இருந்துகொண்டு உங்களோடு ஒரு முழுத் திட்டத்தையாவது நடத்தியவரை யோசியுங்கள். பதவி உயர்வு முடிவு கெடுவுக்கு முன்பே வந்துவிடும் என்றால், வந்த பிறகு இப்போதைய மேலாளரிடமும் பேசிப் பார்க்கலாம். அப்போது அவரிடம் கேட்க நான்கு வாரமே மிஞ்சினாலும், உங்கள் வேலையை அன்றாடம் பார்ப்பவருக்கு அது போதும்.